இதுல நம்ம கட்சி எது?

ஜனவரி 19, ஞாயிறு

கிறிஸ்டியின் பெண்கள் கால்பந்து அணி இன்று மூன்று கோல் போட்டு ஜெயித்தது. பார்க்க வந்தவர்கள்: கோல்கீப்பர் எழிலின் மாமா, தண்ணீர் கேன் போட வந்து அப்படியே நின்றுவிட்ட ஒருவர், இரண்டு நாய்கள், நான். பெண்டாட்டி பயிற்சி கொடுக்கும் அணி, போகாமல் வீட்டில் இருக்க முடியாது. நாய்களுக்கு என்ன கட்டாயமோ! இடைவேளைக்கு அப்புறம் அதில் ஒன்றும் கிளம்பிவிட்டது.

பக்கத்துக் காலி மனையில் டென்னிஸ் பால் கிரிக்கெட். மதில்மேல்கூட ஆள். பந்து சாக்கடையில் விழுந்தால், அதை எடுப்பதைப் பார்க்கவே ஒரு கும்பல் எட்டிப் பார்க்கிறது.

முடிந்ததும் ஸ்ரீநிவாசராகவன் சார் வந்தார். சிட்லபாக்கத்துக்காரர், ரிடயர்டு. இந்த மைதானத்தின் ட்ரஸ்ட்டுக்குச் செயலாளர். "ஏம்மா கிறிஸ்டினா, ஆளே வராத மேட்ச்சுக்கு எதுக்கு சண்டே ஈவினிங்? டர்ஃப் போடறோம்னு ஒரு பார்ட்டி கேட்டுண்டிருக்கா. லீக் முடியறதுக்குள்ள நாலு பேர் பார்க்கறான்னு காட்டுங்கோ. அப்புறம் பேசலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து குக்கரை டம்மென்று அடுப்பில் வைத்தாள். எனக்குப் புரிகிறது. செயற்கைப் புல் விரித்து மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறவர்களிடம் இந்த மைதானம் போனால் அணியே போச்சு. இரும்புலியூரிலிருந்து நடந்து போகிற தூரம் என்பதால்தான் பாதிப் பெண்களை வீட்டில் விடுகிறார்கள்.

ஜனவரி 21, செவ்வாய்

"கூட்டத்தை என்கிட்ட விடு" என்று சொல்லிவிட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் பன்னிரண்டு வருஷமாக ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி – என் பேனரைப் பார்த்து வராதவர்கள் உண்டா?

"உன்கிட்டயா?" என்றாள் கிறிஸ்டி. அந்த இழுவை பிடிக்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

பேனர் ஏறிவிட்டது. கடைவாசலில் ஒன்று, டீக்கடையில் ஒன்று. பதினொரு பெண்களின் முகமும் வரிசையாக, சிரித்தபடி. ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஜெர்சி நம்பர், பெரிதாக, சிவப்பில். மேலே "எங்கள் தங்கங்கள்!" கால்பந்துக்கு இடம் போதவில்லை, மூலையில் எலுமிச்சம்பழ அளவில் வைத்தேன். என் கைக்கு நானே முத்தம் கொடுக்கலாம்.

ஜனவரி 27, திங்கள்

நேற்று மேட்ச்சுக்கு வந்தது அதே எழிலின் மாமா. நாய்கூட இல்லை.

ஆனால் இன்று காலையிலிருந்து கடையில் ஜனம். முதலில் ஒரு அம்மா. "சார், இது எந்த டியூஷன் சென்டர்? ஏழு மார்க், ஒம்போது மார்க் எடுத்ததுக்கெல்லாமா பேனர் வெப்பாங்க?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பேனரை நிமிர்ந்து பார்த்தேன். ஆண்டவரே! பொம்பளைப் பிள்ளைகள் முகத்தை வரிசையாகப் போட்டு, கீழே நம்பர் போட்டால், நம் ஊரில் அது வேறு என்னவாக இருக்க முடியும்?

அடுத்து வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஃபெயிலான புள்ளைங்களையும் தங்கம்னு சொல்றீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்? என் பையன் கணக்குல ரொம்ப வீக். அட்மிஷன் இருக்கா?"

கோல்கீப்பர் எழிலுக்கு நம்பர் ஒன்று. மார்க்கெட்டில் அவள் அம்மாவை நாலு பேர் நிறுத்தி ஆறுதல் சொன்னார்களாம். "ஒரு மார்க்குதான் எடுத்திருக்கா, அதுக்கும் எப்படிச் சிரிக்குது பாரு, பாவம்" என்று.

கிறிஸ்டி சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

மாரி கடைக்கு வந்தான், கட்சி பேனர் வாங்க. எந்தக் கட்சிக் கூட்டம் என்றாலும் வேன் வைத்து ஆள் கூட்டிப் போகிறவன். எல்லாக் கட்சிக்கும் இவன்தான், பாரபட்சமே கிடையாது. நான் சோகமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இன்னா சார், மூஞ்சி டல்லா கீது?" என்றான். சொன்னேன்.

"அட, இதுக்கா பேஜார் ஆவுறே? கூட்டம்தானே? ரெண்டு வேன் வுடறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்க – பிரியாணிய முன்னாடி குட்த்துடாதே. பொட்டலம் கைக்கு வந்துச்சுனா ஜனம் கலைஞ்சிடும்."

தப்புதான். தெரியும். ஆனால் ஸ்ரீநிவாசராகவன் கண்ணுக்கு ஒரு நாள் கூட்டம் தெரிந்தால் போதுமே? கிறிஸ்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் உயிரோடு இருந்து நாட்குறிப்பு எழுத முடியாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

என்ன நாள் இது! எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாலு மணிக்கு இரண்டு வேனும் வந்தன. நிறையப் பெண்கள். தலைவி கிளியம்மாள், ஐம்பது வயதிருக்கும், அதட்டலான குரல். அவர் கை தூக்கினால் கைதட்டல், இறக்கினால் நிறுத்தம். அதுதான் அவர்கள் ஏற்பாடு. வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"சார், இதுல நம்ம கட்சி எது?"

"மஞ்சள் சட்டை, அக்கா."

"ஊதா சட்டை எதிர்க்கட்சியா? சரி. தலைவர் எத்தினி மணிக்கு வர்றாரு?"

தலைவரெல்லாம் இல்லை, பந்து வலைக்குள் போனால் தட்டினால் போதும் என்றேன். அதையே பிடித்துக்கொண்டார்கள். ஊதா அணி நம் வலைக்குள் முதல் கோல் போட்டது. கிளியம்மாள் கை தூக்கினார். மைதானமே அதிர்ந்தது. எழில் கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு இவர்களையே பார்த்தாள், அந்தப் பார்வையை மறக்க முடியாது. நான் குறுக்கே ஓடி, "நம்ம வலையில விழுந்தா தட்டக் கூடாதுக்கா!" என்றேன். "மின்னாடியே சொல்றதில்லியா?" என்று என்னையே திட்டினார்.

பிறகு நம் அணி ஃபஹீமா ஒரு கோல் போட்டாள். இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு, வலது மூலையில். கிளியம்மாள் கை தூக்க மறந்துவிட்டார். யாரும் காத்திருக்கவில்லை, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கிறிஸ்டி ஒரு கணம் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாற்றி நின்றதும் சலசலப்பு. "பார்த்தியா, பாதிலயே கட்சி மாறிட்டாளுங்க!" விளக்கிச் சொல்வதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது.

அப்போதுதான் ஸ்ரீநிவாசராகவன் மைக்கைக் கேட்டார். "ரெண்டே வார்த்தை" என்றார். "பேரன்புடையீர்" என்று ஆரம்பித்தார், அவ்வளவுதான். அதுவரை குழம்பிக் கிடந்த கூட்டத்துக்கு வேலை புரிந்துவிட்டது. கிளியம்மாள் கை உயர்ந்தது. "வாழ்க! வாழ்க!" மனுஷன் ஆடிப்போய்விட்டார். அவர் வாழ்க்கையில் யாரும் அவரை வாழ்க என்றிருக்க மாட்டார்கள், ட்ரஸ்ட் மீட்டிங்கில் நிச்சயமாக இல்லை. காலேஜில் ஹாக்கி ஆடியதைச் சொன்னார். வாழ்க! முழங்கால் ஆபரேஷனைச் சொன்னார். வாழ்க! தண்ணீர் குடித்தார், அதற்கும் வாழ்க! இருபத்திரண்டு பெண்களும் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்கள், ரெஃப்ரி வாட்சைத் தட்டிக் காட்டுகிறார், பேச்சு நிற்கவில்லை. அவர் மைக்கை விட்டபோது சூரியனும் வானத்தை விட்டுவிட்டது. விளக்கு இல்லாத மைதானம். கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு ரெஃப்ரி கையை விரித்தார். ஒன்றுக்கு ஒன்று. வேறொரு நாள் மறுபடி ஆட வேண்டுமாம்.

பிரியாணி வந்தது. பாதிப் பேர் எழுந்து வரவில்லை.

"யாரு ஜெயிச்சா?" என்றார் கிளியம்மாள்.

"யாரும் இல்லக்கா."

"அதெப்படி? இவ்ளோ நேரம் குந்திகினு இருந்தமே?"

பிப்ரவரி 10, திங்கள்

கிறிஸ்டி பாட்டுப் பாடிக்கொண்டே தோசை வார்த்தாள். இரண்டுக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

ஸ்ரீநிவாசராகவன் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை டர்ஃப் பார்ட்டியும் பார்த்தார்களாம். "இவ்ளோ ஜனம் வர்ற லொகேஷன்னு அவாளுக்கே தெரியலையாம். தொகையை ஏத்திட்டா. ட்ரஸ்ட்ல எல்லாரும் சரின்னுட்டா. எனக்கே வருத்தம்தான், நல்ல ஆடியன்ஸ்" என்றார்.

கூட்டம் இல்லையென்று போக வேண்டிய மைதானம், கூட்டம் இருக்கிறதென்று போய்விட்டது. இதற்கு நான் கைக்காசு வேறு போட்டேன்! விட்டுப்போன மேட்ச் 23-ஆம் தேதி, குன்றத்தூர் பக்கம் ஒரு மைதானத்தில். மிச்ச மேட்ச்சும் இனி அங்கேதான்.

பிப்ரவரி 14, வெள்ளி

கிறிஸ்டி கடையில் இருக்கும்போது கிளியம்மாள் வந்து நின்றார். கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், இருமினேன். "இன்னா சார், ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டுவிட்டு, நேராக கிறிஸ்டியிடம் போனார்.

"நீதானே அந்தப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவ? மிச்ச ஆட்டம் எப்போம்மா? மாரியக் கேட்டா ஆர்டர் வரலன்றான். ஆர்டர் கெடக்கட்டும், நீ சொல்லு."

"என்ன ஆர்டர்?" என்றாள் கிறிஸ்டி.

அவ்வளவுதான். வேன், பிரியாணி, தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு, எல்லாம் அந்தம்மா வெள்ளந்தியாகச் சொல்லி முடித்தார். "எம்மாம் மீட்டிங் போயிருக்கேன். குந்தும்போதே இன்னா பேசப்போறாங்கன்னு தெரியும். யாரு ஜெயிப்பான்னு தெரியாம நான் கைதட்டுனதே இல்லம்மா. அதான் தூக்கமே வரல."

கிறிஸ்டி பேப்பர் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "புள்ளைங்க கேட்டாங்க எபி. 'நம்மளப் பாக்கவா மிஸ் இவ்ளோ பேர் வந்தாங்க'ன்னு. ஆமான்னு சொன்னேன். என்னையும் பொய் சொல்ல வெச்சிட்டியே."

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு மெஷினைத் துடைத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கிறிஸ்டி என்னோடு பேசவில்லை. சர்ச்சில் ஒரே பெஞ்சில் இருந்தோம், பாட்டுப் புத்தகத்தைக்கூடத் தனியாக எடுத்துக்கொண்டாள்.

மாலை முழுக்கப் போன். குன்றத்தூருக்கெல்லாம் அனுப்ப மாட்டோம் என்று ஒவ்வொரு வீடாகச் சொல்கிறார்கள். ஃபஹீமாவின் அப்பா முஸ்தபா மரியாதையாகவே சொன்னார். "மிஸ், உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. அவ்ளோ தூரம் போயிட்டு இருட்டுல வரணுமே." இப்போதைக்கு ஐந்து பேர்தான் வருவார்கள். ஐந்து பேரை வைத்து கேரம்தான் ஆடலாம்.

பிப்ரவரி 17, திங்கள்

கிளியம்மாள் மறுபடி வந்தார். கிறிஸ்டி பேசாததைக் கேள்விப்பட்டிருக்கிறார். "என்னாலதானா சார்?" என்றார். என்னால்தான் என்றேன். மேட்ச்சே நடக்காது போலிருக்கிறது, வீடுகளில் விடவில்லை என்றும் சொன்னேன்.

"நடக்காதா? அப்ப யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?" உண்மையிலேயே கோபம் அவருக்கு. எழில் வீடும் ஃபஹீமா வீடும் எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன்.

பிப்ரவரி 20, வியாழன்

முஸ்தபா கடைக்கே வந்தார். "அந்தக்கா வந்து என் வீட்டுல ஒக்காந்துட்டாங்க சார். 'வேன்ல அம்மாம் பொம்பளைங்க நாங்க கூடப் போறோம், இன்னா பயம் உனுக்கு'ன்னு ஒரே சத்தம். டீ குடுத்தும் போகல. சரின்னு சொன்னப்புறம்தான் எழுந்தாங்க."

எல்லா வீட்டிலும் இதே கதையாம். மாரியைப் பிடித்து, வேனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். "ஒனக்கெதுக்கு சார் அது? அவங்களே ஆளுக்கு இவ்ளோன்னு போட்டு எட்துகினாங்க. எனுக்கே கமிஷன் இல்ல" என்று நொந்துகொண்டான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வேனில் எனக்கு இடமில்லை. முன்சீட்டில் கிறிஸ்டியும் கிளியம்மாளும், பின்னால் மடிமேல் மடி. "நீ பைக்ல வா சார்" என்று கதவைச் சாத்திவிட்டார். சோமங்கலம் ரோடு முழுக்க வேன் புகையைக் குடித்துக்கொண்டே போனேன்.

குன்றத்தூரில் பிரியாணிக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்கப் போய் முன்னால் நின்றேன். "மறைக்குது சார், குந்து!" என்றார்கள் நாலைந்து பேர். தரையில் உட்கார்ந்தேன். இன்று யாரும் கிளியம்மாள் கையைப் பார்க்கவில்லை. அவர் கையும் சும்மா இல்லை, பக்கத்திலிருந்தவள் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

இரண்டுக்கு ஒன்று. தோற்றுவிட்டோம். கடைசி நிமிஷத்தில், பந்து எழிலின் விரல் நுனியைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. ஒரு கைதட்டல் இல்லை. கூட்டத்தில் சில பேர் அழுதார்கள். இத்தனை வருஷம் எத்தனை கட்சிக் கூட்டத்துக்குப் பேனர் கட்டியிருக்கிறேன், ஒருவர் அழுது பார்த்ததில்லை.

கிளியம்மாள் மைதானத்துக்குள்ளேயே போய் எழிலின் முகத்தை முந்தானையால் துடைத்தார். அப்படியே கிறிஸ்டியிடம் திரும்பினார்.

"இத பாரும்மா. இந்தப் பொண்ணுக்கு மட்டுந்தான் பந்தைக் கையில தொடலாம்னு பர்மிஷன் கீது. இதப் போயி கம்பிக்குள்ள நிறுத்தி வெச்சிருக்கியே, நடுவுல வுட்டா அப்படியே தூக்கிகினு ஓடிடாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆட்டத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னாலே "வாயை மூடு எபி" என்கிறவள் கிறிஸ்டி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சமும் சிரிக்காமல், "யோசிக்கிறேன்க்கா" என்றாள்.

"யோசி. அடுத்த வாரம் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டு அவர் வேனைப் பார்த்து நடந்தார்.