மூன்று வருடமாய் நின்ற சுவர்

நீர்வேலி,
18-1-1937

அன்பின் அத்தானுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் எழுதிய கடிதம் நேற்றுக் கிடைத்தது. உடம்பைக் கவனிக்கிறீர்களா?

உடுவில் வாசிகசாலையின் பட்டியல் வேலை முடிந்துவிட்டது. கடைசி அட்டையை எழுதிப் பெட்டியில் வைத்தபோது பின்னேர வெயில் யன்னலால் விழுந்து, தூசி பொன்னாய் மிதந்துகொண்டிருந்தது. புத்தகங்கள் எல்லாம் தத்தம் இடத்தில் நித்திரை கொள்வதுபோல் இருந்தது. எழும்பவே மனம் வரவில்லை.

இது முடிந்ததும் ஈப்போவுக்குக் கப்பலேறுவேன் என்று சொல்லியிருந்தேன். மறக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைப்பேற்று விடுதிச் சங்கத் தலைவர் பஞ்சலிங்கத்தார் போன கிழமை வாசிகசாலைக்கு வந்தார். கூரை வேலை பற்றிய புத்தகம் ஒன்று கேட்டார். பெயர் தெரியாது, எழுதியவரும் தெரியாது. இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, எங்கடை விடுதி மூண்டு வரியமாச் சுவரோடை நிக்குது. மரம் வந்தால் தச்சன் இல்லை. தச்சன் வந்தால் மரம் இல்லை. உப்பிடி ஒரு தலைதான் எங்களுக்கு வேணும்" என்றார்.

உங்களைக் கேளாமல் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வருடம் பொறுப்பீர்களா?

உங்கள்
குணலட்சுமி

*

ஈப்போ,
2-3-1937

அன்பின் குணத்துக்கு,

நான் நலம். குவாட்டர்சுக்கு வெள்ளை அடித்து, உனக்கென்று யன்னல் சீலையும் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "உங்கடை மனுசி எப்ப வாறா?" என்று கேட்கும்போது சிரித்துச் சமாளிக்கிறேன்.

புத்தகங்களுக்காக இரண்டு வருடம் பொறுத்தேன். புத்தகம் வைத்த இடத்தில் இருக்கும். மேசன்மார் இருப்பார்களா? கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நீ அட்டை எழுதுவதை நினைக்கச் சிரிப்பு வருகிறது. அதற்கு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் இராசநாயகம் இருக்கிறார்தானே. அவரிடம் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் வா.

அன்புடன்
தேவராசா

*

நீர்வேலி,
20-9-1937

அன்பின் அத்தானுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபிக்கவேண்டாம். நீங்கள் சிரித்ததையே உண்மையில் செய்தேன்.

ஒரே புத்தகத்தை ஒருவர் பெயர் சொல்லித் தேடுவார், இன்னொருவர் பொருள் சொல்லித் தேடுவார். அதனால் ஒரு புத்தகத்துக்கு மூன்று அட்டை எழுதி, ஒன்றில் மற்றதைப் பார் என்று குறிப்போம். விடுதிக் கதவும் அப்படித்தான். தச்சனுக்கு அது மரம், மேசனுக்கு அது நிலை, கொல்லனுக்கு அது இரும்புப் பிணைச்சல். மூவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிட்டார்கள். நான் ஒவ்வொருவர் வேலைக்கும் அட்டை எழுதி, இதற்கு முன் எது முடியவேண்டும் என்று கீழே குறித்தேன். கோயில் மடத்தில் அவற்றைப் பரப்பி வைத்து இருக்கும்போது, முடிந்த விடுதி ஒன்று காற்றில் நிற்பதுபோல் எனக்குத் தெரியும்.

கூரை ஓட்டின் அட்டையில், அதை ஏற்றிவரும் தோணி என்று வந்தது. தோணி அட்டையில் காற்று என்று வந்தது. வல்வெட்டித்துறைக்கு ஆளனுப்பிக் கேட்டேன். ஐப்பசியில் வாடைக்காற்றுத் தொடங்கினால் தை வரைக்கும் தோணி வராதாம். கூரைமரம் ஏறுமுன்னே ஓடுகளை இறக்கவேண்டும் என்றேன்.

"புத்தகத்துக்கு நம்பர் போடுற பொம்பிளை எனக்குக் கூரை படிப்பிக்கிறாவோ?" என்று ஓவசியர் வேலையை விட்டுப் போய்விட்டார். சங்கத்தார் பயந்தார்கள். ஓடு நேற்று வந்து இறங்கியது.

ஒன்று எழுதவேண்டும். ஆறு வருடமாய் எழுதாதது. எனக்கு வலி கண்ட அன்றைக்கு எங்களிடம் எல்லாம் இருந்தது, அத்தான். வண்டி கிடைத்தது, மருத்துவிச்சியும் அயலூரில்தான் இருந்தாள். நாங்கள் வண்டியைத் தேடிய பிறகு அவளைத் தேடினோம். எது முந்தி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வழியிலே பிள்ளை போய்விட்டாள். உங்களை நான் குற்றம் சொன்னதில்லை. ஆனால் குற்றம் சொல்லவில்லை என்று உங்களுக்குச் சொல்லவும் இல்லை.

இந்த விடுதியை அரைகுறையில் விட்டு வர என்னால் முடியாது.

குணம்

*

ஈப்போ,
28-11-1937

அன்பின் குணத்துக்கு,

உன் கடிதம் வந்து ஏழு கிழமை. பதில் எழுத இருந்து இருந்து எழும்பிப் போனேன். இங்கே ஓயாத மழை. ஊரைச் சுற்றி நிற்கும் மலைகள் புகார் மூட்டத்துக்குள் மறைந்துவிடுகின்றன. அவை இருக்கின்றனவா என்றுகூடச் சந்தேகம் வரும்.

அன்று வண்டிக்கு முதலில் ஓடியவன் நான். "மருத்துவிச்சியைக் கூப்பிடுவமோ?" என்று செல்வநாயகி மாமி கேட்டா. "வண்டிதான் முதல்" என்று சொன்னவனும் நான். உனக்கு அது தெரியாது என்று நினைத்திருந்தேன். ஊரில் எவர் முகத்தைப் பார்த்தாலும் அந்தக் கேள்விதான் கேட்டது. அதனால்தான் வேலை கிடைத்ததும் ஓடி வந்தேன். உழைக்க வந்தேன் என்று சொன்னது பொய்.

இனி உன்னை வா என்று எழுதமாட்டேன். விடுதியை முடி. பிறகு நான் என்ன செய்யவேண்டும் என்று நீயே எழுது.

தேவராசா

*

நீர்வேலி,
11-3-1938

அன்பின் அத்தானுக்கு,

மாமி கேட்டதும் நீங்கள் சொன்னதும் அன்றே என் காதில் விழுந்தன. தெரிந்துகொண்டுதான் இவ்வளவு காலமும் உங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

விடுதி தைமாதம் திறந்தாயிற்று. பேச்சுகள் நீண்டன. நான் பின்னால் வாழைத்தோட்டப் பக்கம் நின்றேன். மருத்துவிச்சி செபஸ்தியம்மா குருநகரிலிருந்து வந்து விடுதியிலேயே தங்குகிறா. திறப்பதற்கு இரண்டு கிழமை முன்பே அவவை வரச்சொல்லியிருந்தேன்.

நேற்று முன்தினம் பகல், புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த இடத்தில் நல்லம்மாவுக்கு வயிற்றுக்குத்து வந்தது. நடந்தே வந்தாள். அவ்வளவு கிட்ட. கதவு திறந்திருந்தது, வெந்நீர் இருந்தது, செபஸ்தியம்மா இருந்தா. எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. வெளியில் நின்றேன். வெயிலில் வாழையிலைகள் அசைந்ததும் தெரியும், அசையாததும் தெரியும். பிறகு பிள்ளை அழுதது. நானும் அழுதேன், அத்தான். ஆறு வருடத்தில் முதன்முதலாய்.

என்ன செய்யவேண்டும் என்று கேட்டீர்கள். லீவு எடுத்து வாருங்கள். அங்கேயா இங்கேயா என்பதை இருந்து கதைப்போம். கப்பலின் பெயரை மட்டும் எழுதுங்கள். யாழ்ப்பாணம் ரயில் ஸ்டேசனில் நான் தனியாகவே நிற்பேன். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு முகமும் இருக்காது.

காத்திருக்கும்
குணம்