பத்தரை மணிக் குரல்

9 ஜூலை 2002, செவ்வாய்

சென்னையிலிருந்து மகள் பிரபா மறுபடி போன். "மம்மி, அந்த விண்டோஸ் பூரா வைரஸ். எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் பண்ணித் தொலைங்க. டாடி ஃபைலெல்லாம்தான் எனக்கு அனுப்பிட்டீங்களே!"

ஒன்றை அனுப்பவில்லை. அதை அவளிடம் சொல்வானேன்?

ரிட்டயரான வருஷம் என் வீட்டுக்காரர் விளையாட்டாகச் செய்து வைத்தார். காலை பத்தரை ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து அவர் குரல் வரும்: "வயலெட், காபி வருமா, நான் வரணுமா?" அதன் முன்னாலேயே உட்கார்ந்து சிரிப்பார். நான் சமையலறையிலிருந்து திட்டுவேன். அவர் போன பிறகும் தினமும் பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டு வைக்கிறேன்.

ஃப்ளாப்பியில் ஒரு பிரதி இருக்கிறது. ஆனால் அதில் நான் போட்டால்தான் பேசுவார். அவராகக் கூப்பிட வேண்டும்.

10 ஜூலை

பத்திரிகையோடு லினக்ஸ் சிடி வந்தது. வைரஸ் தொல்லை இல்லாத இன்னொரு சிஸ்டமாம்; அதே கம்ப்யூட்டரில் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே வைக்கலாமாம். மெயிலுக்கு லினக்ஸ், இவர் குரலுக்கு விண்டோஸ்.

மாடி வீட்டு மௌரீன் வந்து பார்த்தாள். "இந்த வயசுல உனக்கு எதுக்குடி இந்த வம்பு?"

"படிக்கத் தெரிஞ்சவங்க செய்யலாம். நீ போய் சீரியல் பாரு."

11 ஜூலை, வியாழன்

குழந்தை இயேசு கோவிலுக்கு வந்த கூட்டத்தில் தெருவே அடைத்துக் கிடந்தது. வீட்டிலேயே இருந்து லினக்ஸைப் போட்டு முடித்தேன்.

முதல் தடவை இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டுத் திரை நின்றுவிட்டது. விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மறுபடி சிடியைப் போட்டு, உதவிப் பக்கத்தை வரி விடாமல் படித்து, ஒரு வரி சேர்த்தேன். இரண்டு பெயரும் வரிசையாக வந்தன. அப்பாடா.

கம்ப்யூட்டர் கடிகாரம் கிரீனிச் நேரத்திலா என்று லினக்ஸ் நடுவில் கேட்டது. கான்வென்ட்டில் பூகோளத்துக்கு எனக்குத்தான் பரிசு. உலகத்துக்கே கிரீனிச்தானே? ஆமாம் என்றேன். கடைசியில் லினக்ஸ் நேரத்தைத் தப்பாகக் காட்டியது. உடனே திருத்தினேன். ஒரு நிமிஷம் பிசகினாலும் எனக்கு ஆகாது.

12 ஜூலை

பத்தரை ஆச்சு. குரல் வரல. பதினொண்ணு — வரல. ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்? நல்லா இருந்ததைக் கெடுத்துட்டேனே. பெரிய மேதாவி மாதிரி —

மாலை:

நாலு மணிக்குக் கூப்பிட்டார்! துணி மடித்துக்கொண்டிருந்தேன், அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். விண்டோஸ் கடிகாரத்தில் பத்தரை. நமக்கும் கிரீனிச்சுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். லினக்ஸில் நான் திருத்தியதும் உள்ளே கடிகாரம் கிரீனிச் நேரத்துக்கு மாறியிருக்கிறது; அதை விண்டோஸ் இங்கத்து நேரம் என்றே நம்பியிருக்கிறது.

13 ஜூலை

திருத்த உட்கார்ந்தேன். லினக்ஸில் 'கிரீனிச்' பக்கத்தில் நான் போட்ட குறியை எடுத்தால் போதும்.

அவருக்கு ஃபேக்டரியில் எப்போதும் செகண்ட் ஷிஃப்ட், மத்தியானம் போனால் ராத்திரிதான் வருவார். ரிட்டயரான பிறகோ மூன்றரைக்கே சீட்டாடக் கிளம்பிவிடுவார். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, இத்தனை வருஷமும் நாலு மணிக் காபியைத் தனியாகத்தான் குடித்தேன்.

திருத்தவில்லை.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பிரபா வந்திருக்கிறாள். மத்தியானம் விண்டோஸில் ஏதோ பார்த்தவள், "மம்மி, என்ன இது, டைம் இப்படித் தப்பா இருக்கு? நீங்களா இப்படி விட்டிருக்கீங்க! மாத்திடவா?" என்றாள்.

"கை வைக்காதே."

நாலு மணிக்கு அவர் கூப்பிட்டார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்பாவின் குரலைக் கேட்கிறாள். நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"வரேன் டாடி," என்று பால் வைக்கப் போனாள்.