உச்சியில் கை வைத்தவருக்கு

அக்கா,

இன்று காலை லிஃப்டில் காய்ச்சிய தேங்காயெண்ணெய் வாசம். நாலாம் மாடிக்காரி புதிதாகப் பெற்ற குழந்தையோடு நின்றாள். என்னால் ஆபீஸ் போக முடியவில்லை. பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடக்கிறேன், உட்கார்ந்து இரண்டு வரி எழுதுகிறேன், மறுபடி நடக்கிறேன். நீங்கள் இறந்து நான்கு மாதம் ஆகிறதென்று போன வாரம்தான் பூக்காரம்மா சொன்னாள். முன்பே எனக்கு யார் சொல்வார்கள்? உங்களை வர வேண்டாம் என்று அனுப்பியவள்தானே நான்.

தொம்மலூரில் பச்சைக் குழந்தை இருக்கிற வீடெல்லாம் குளிப்பாட்ட உங்களைத்தான் கூப்பிடும். இரண்டு மூன்று வீடு முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, என் மகனை அதில் கிடத்தி, "வாடா என் கலெக்டரு" என்று ஆரம்பிப்பீர்கள். என்னிடம் அடங்காத அழுகை உங்களிடம் அடங்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

அவனுக்குப் பெரிய தலை. பார்க்க வந்தவர்களெல்லாம் அப்பன் தலை, அறிவாளித் தலை என்றார்கள். நானும் பூரித்துப்போனேன். இருபத்திரண்டாம் நாள் நீங்கள் மட்டும் அவன் உச்சிக்குழியில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"உச்சி உப்பியிருக்கும்மா. அழாதப்பவும் எறங்கல, நிமித்தி வெச்சாலும் எறங்கல. சொல்ப, கொஞ்சம், டாக்டர்கிட்ட காட்டிடு. இன்னிக்கு நான் தண்ணி ஊத்த மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நல்லா இருக்கிற புள்ள மேல ஏன்க்கா கண்ணு வெக்கிறீங்க? நாளையிலேர்ந்து வராதீங்க" என்றேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போனீர்கள்.

ஐந்து நாள் சும்மா இருந்தேன் அக்கா. ஆறாம் நாள் குடித்த பாலையெல்லாம் கக்கினான். கருவிழி கீழே இறங்கியே கிடந்தது. மூளையில் பிட்யூட்டரி சுரப்பிக்குப் பக்கத்தில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. பிறந்த குழந்தைக்கு இது வருவது ரொம்ப அபூர்வம் என்ற டாக்டர், யார் முதலில் கவனித்தது என்று கேட்டார். "நான்தான் டாக்டர், ரெண்டு நாளா உச்சி உப்பலா இருந்துச்சு" என்றேன். வாய் கூசவில்லை.

அவன் பிழைத்தான். தாய் கண்ணுக்குத் தப்புமா என்று வீடே என்னைக் கொண்டாடியது. நீங்கள் ஒருமுறை கேட் அருகே நின்று, "கொழந்த எப்படிம்மா இருக்கு?" என்றீர்கள். "நல்லா இருக்கான்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான்.

இப்போது அவனுக்கு ஏழு வயது. அந்தச் சுரப்பி வேலை செய்யாததால் தினம் மூன்று வேளை மாத்திரை. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், மறந்தால் உயிருக்கே ஆபத்து. வலது கண்ணில் பாதிதான் பார்வை. அந்த ஐந்து நாள் வீணாகாமல் இருந்தால் கண் தப்பியிருக்குமா என்று எத்தனையோ டாக்டர்களிடம் கேட்டுவிட்டேன். "சொல்ல முடியாது" என்கிறார்கள். தப்பியிருக்காது என்று ஒருவராவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இதை எழுதும்போதே அவன் பள்ளியிலிருந்து வந்தான். பிடித்து உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். முதலில் கண்டுபிடித்தது அம்மா இல்லை, உன்னைக் குளிப்பாட்டிய அக்கா. அம்மா அவரைத் திட்டி அனுப்பிவிட்டேன் என்று. மாலை மாத்திரையை விழுங்கிவிட்டுக் கொஞ்சம் யோசித்தான்.

"அப்போ வா, அவங்ககிட்ட போய் சாரி சொல்லிட்டு வரலாம்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான் அக்கா. நீங்கள் இறந்துவிட்டதை மட்டும் நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.