பத்து நாள் மருந்து

உச்சிப்புளி
4 மே 2024

ஆன்சி அப்பாவுக்கு,

போனில் ஆரம்பித்தாலே இருவரும் கத்துகிறோம். பிள்ளை காதைப் பொத்திக்கொள்கிறாள். அதனால்தான் எழுதி அவள் பையில் வைக்கிறேன். எனக்கு மதுரையில் பத்து நாள் தையல் பயிற்சி. உங்களுக்கும் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில்தான் நிற்கிறது. அதை நம்பித்தான் தங்கச்சிமடத்துக்கு அனுப்புகிறேன்.

ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று அழுதாள். காய்ச்சலும் வந்தது. சிறுநீரில் கிருமி என்று டாக்டர் பத்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார். காலை எட்டு மணி, ராத்திரி எட்டு மணி. சாப்பிட வைத்துக் கொடுங்கள், வயிற்றைப் புரட்டாது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, அதோடு வந்த அளவு மூடியில் ஆறு மில்லி. வீட்டுக் கரண்டி வேண்டாம். ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். ஐந்து நாளில் முதல் பாட்டில் தீரும். பிறகு இரண்டாவதைத் திறந்து, காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் கலக்குங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. உடம்பில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடுமாம். அப்போதும் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார்.

தாளில் இருபது கட்டம் போட்டிருக்கிறேன். இன்று காலை வேளையை நானே கொடுத்து டிக் போட்டுவிட்டேன். மீதி பத்தொன்பதும் உங்கள் பொறுப்பு.

பிரெசில்லா

*

தங்கச்சிமடம்
9 மே 2024

அன்புள்ள பிரெசில்லா,

உன் மதுரை விடுதி முகவரிக்கு எழுதுகிறேன். பிள்ளை நல்லா இருக்கிறாள். காய்ச்சல் இல்லை, எரிச்சல் இல்லை. மருந்தை ஒரு வேளைகூட விடாமல் என் கையாலேயே கொடுக்கிறேன். இன்று காலை இரண்டாவது பாட்டிலையும் கலக்கிவிட்டேன். டிக் போடும்போது பேனாவை அவளும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறாள்.

"அம்மா எப்ப இங்கன வரும்?" என்று கேட்கிறாள். நானும் அதைத்தான் கேட்கிறேன். நீ போய் பதினாலு மாதம் ஆகிறது. சீட்டாட்டத்தை விட்டுவிட்டேன். பொய்யும் சொல்வதில்லை. ஒரு தடவை நம்பிப் பார்.

உன்
மரியசெல்வம்

*

உச்சிப்புளி
15 மே 2024

அன்புள்ள ஆன்சி அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் பிள்ளையை விட்டுப் போன பிறகு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது கட்டத்திலும் டிக். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் வீட்டை விட்டு வந்தது உங்கள் கோபத்துக்காக இல்லை. சீட்டாடிவிட்டு வந்து, வலை தைத்தேன் என்று என் முகத்தைப் பார்த்தே சொல்வீர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்தப் பத்து நாள் எனக்கு ஒன்றைக் காட்டியிருக்கிறது. ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஆன்சிக்கு அங்கேயே இடம் கேட்டு வையுங்கள். தையல் மெஷினை ஏற்ற ஒரு வண்டியும் சொல்லுங்கள்.

அன்புடன்
பிரெசில்லா

*

ராமநாதபுரம்
21 மே 2024

மரியசெல்வத்துக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். வண்டி சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை ஆன்சிக்குக் குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு கதறினாள். கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம். ஊசி வழியாக மருந்து ஏறுகிறது.

"மருந்தைப் பாதியில நிறுத்தினீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "ஒரு வேளை விடல டாக்டர். அவங்க அப்பா டிக் போட்ட தாளே இருக்கு" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். உங்களுக்காக ஒரு அந்நிய மனிதரிடம் வாதாடினேன்.

அப்போதுதான் பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அப்பாவத் திட்டாத. நான் மூணு நாள்தான் குடிச்சேன். அம்மா கேட்டா எல்லாம் குடிச்சேன்னு சொல்லுன்னாங்க."

கையில் அந்தத் தாளோடு நின்றேன். என் டிக்கைத் தவிர மீதி பத்தொன்பதும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தன. உட்கார்ந்த இடத்தில் போட்டிருக்கிறீர்கள். இதைப் பார்த்துத்தான் நான் அழுதேன்.

இரண்டாவது பாட்டில் எங்கே போனது?

பிரெசில்லா

*

தங்கச்சிமடம்
25 மே 2024

பிரெசில்லா,

நீ எப்படித் திட்டினாலும் சரி. மூணாம் நாள் காய்ச்சல் விட்டுப்போச்சு. மருந்தை வாயில் வைத்தாலே உமட்டினாள். "காச்சல்தான் இல்லையே, எதுக்குடா பிள்ளையப் போட்டு வதைக்கிற?" என்றான் அண்ணன் ஆன்டோ. எனக்கும் சரியென்றுதான் பட்டது. அவன் மகளுக்குச் சளி. இரண்டாவது பாட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அதைக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாது.

நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் நீ வரமாட்டாய். அந்தப் பயத்தில் எழுதிய பொய்தான் அது. பிள்ளைக்குக் கெடுதல் நினைப்பேனா? அவளைப் பார்க்க வாரேன். தடுக்காதே.

மரியசெல்வம்

*

உச்சிப்புளி
31 மே 2024

மரியசெல்வத்துக்கு,

ஆன்சியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். ஊசி முடிந்து இப்போது வாய்வழி மருந்து. பரிசோதனையில் கிருமிக்குப் பொருந்துவது எது என்று பார்த்து, வேறு மருந்து கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஆறு நாள். நான் கொடுத்துக்கொள்வேன்.

சளிக்கு இந்த மருந்து உதவாது, ஒரு பிள்ளைக்கு எழுதியதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பதே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையையும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

உமட்டுகிறது என்று ஒரு போன் செய்திருந்தால் டாக்டரிடம் கேட்டிருப்பேன், வேறு வழி சொல்லியிருப்பார். நிறுத்தியதைக்கூட அறியாமை என்று என்னால் மன்னிக்க முடியும். என்னிடம் பொய் சொன்னது எனக்குப் பழகியதுதான். ஏழு வயதுப் பிள்ளையை எனக்கு எதிராகப் பொய் சொல்ல வைத்தீர்களே, அதற்கு என்னிடம் மன்னிப்பு இல்லை. நான் தங்கச்சிமடம் வரப்போவதில்லை. பள்ளியிலும் சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நீங்கள் இங்கே ஒரு தடவை வர வேண்டும். நேற்று நர்ஸம்மாவிடம் ஆன்சி மெதுவாகக் கேட்டாளாம்: "நான் பொய் சொன்னதுனாலதான் திரும்பக் காச்சல் வந்துச்சா?" நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுகிறாள், நம்பவில்லை.

உங்களைத்தான் அவள் நம்புவாள். அவள் மேல் தப்பில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பிரெசில்லா