கோபுரத்தில் இருக்கும் என் கையெழுத்து

இரும்புலியூர்,
புதன்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான ஜெர்சன் அப்பாவுக்கு, ரத்தினபாய் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். மோட்டார் மறுபடி பழுது, மூன்று நாளாக லாரித் தண்ணீர்தான். உங்கள் பிரஷர் மாத்திரையை மருமகள் கெசியா ஜெர்சன் பையில் வைத்திருக்கிறாள். போனில் பேசினால் சரி சரி என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் இதை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

காட்டுத்தீ பார்க்கும் நம் மரக் கோபுரத்தைப் புதுப்பித்திருக்கும் படத்தை ஜெர்சன் காட்டினான். கீழே பலகை. பெருந்தீயை முதலில் கண்டு மணியடித்து மூன்று ஊரைக் காப்பாற்றியவர் தீக்காவலர் லாசரஸ் என்று உங்கள் பெயரை எழுதியிருக்கிறது. பக்கத்திலே, அன்றைய காவல் நோட்டுப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

வனத்துறை ஆபீஸ்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கோடையில் நீங்கள் மஞ்சள்காமாலையில் படுத்திருந்தீர்கள். லீவு கேட்டால் தற்காலிக வேலை போய்விடும் என்று அழுதீர்கள். கைக்குழந்தை ஜெர்சனை முதுகில் கட்டிக்கொண்டு நாற்பத்தொரு நாள் அந்த ஏணியில் ஏறியது நான். பள்ளிக்கூடம் போகாதவள், உங்கள் பழைய பக்கங்களைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகினேன். மணிக்கு ஒருமுறை நாலு திசையும் பார்த்து எழுதி, அடியில் உங்கள் பெயரையும் நானே போட்டேன். கிழக்கே புகையைக் கண்டதும், கை கொப்பளிக்க மணியடித்ததும் நான்தான்.

அந்தத் தீயை வைத்துத்தான் உங்கள் வேலையை நிரந்தரமாக்கினார்கள். அதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அந்தச் சோற்றை நானும் சாப்பிட்டேன். ஆனால் சனிக்கிழமை கோபுரத் திறப்பு விழா மேடையில் அதற்காக நீங்கள் சால்வை வாங்குவதை என்னால் பொறுக்க முடியாது.

நீங்கள் புறப்படும்போது, அங்கே உண்மையைச் சொல்வீர்களா என்று கேட்டேன். "எல்லாம் ஒரே குடும்பந்தானே, ரத்தினம்" என்று சிரித்துவிட்டு பஸ் ஏறினீர்கள். ஒரே குடும்பம்தான். அப்படியானால் பலகையில் என் பெயர் இருந்தாலும் உங்களுக்கு அதே சந்தோஷம் இருக்கவேண்டுமே, ஏன் இல்லை?

ஆள்மாறாட்டம் என்று கேஸ் போடுவார்களோ என்று பயப்படுகிறீர்களாம், ஜெர்சன் சொன்னான். நாற்பது வருஷம் கழித்து யாராவது கேட்டால் நான் வந்து பதில் சொல்லிக்கொள்கிறேன்.

சால்வை போடுமுன் மைக்கை வாங்கிச் சொல்லுங்கள். வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தை ரேஞ்சரிடம் கொடுங்கள். கண்ணாடிக்குள் இருக்கும் பக்கத்தோடு வைத்துப் பார்க்கட்டும். இரண்டும் ஒரே கை என்று அவருக்கே தெரியும்.

அதுவும் முடியாதென்றால் சால்வையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குள் அது வரக்கூடாது.

குளிரில் காதை மூடிக்கொள்ளுங்கள். கர்த்தர் அன்றைக்கு உங்கள் வாயைத் திறப்பாராக.

இப்படிக்கு,
ரத்தினபாய்