எஸ்கிலின் ஜன்னல் விளக்கு

ஹவ்னெஸ், பிப்ரவரி 2

அன்பு மகள் சுன்னிவாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய இடது முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே, நீயும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் வானிலையைப் பேசியே வைத்துவிடுகிறோம், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு போன வாரம் சூரியன் திரும்பி வந்தது, மலைக்கு மேலே நாலு நிமிஷம் தலைகாட்டிவிட்டுப் போய்விட்டது, பள்ளிக்கூடத்தில் வழக்கம்போல எல்லாருக்கும் இனிப்பு பன் கொடுத்தார்கள், அப்பா இரண்டு தின்றுவிட்டு ஒன்றுதான் தின்றேன் என்று சாதித்தார். மார்ச்சில் நம் ஊர்ப் பிள்ளைகள் உங்கள் பள்ளிக்கு வரவேண்டுமே, அதற்குப் பணம் சேர்க்கக் கழிவறைக் காகிதச் சுருள் விற்றுக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள், உன் அப்பாவுக்கு யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வராது, ஐந்து மூட்டை வாங்கிப் படகுக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார். படகு நின்ற இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது.

உன் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இங்கே வந்து போனதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் என் கோபத்தை எழுதிவிடுகிறேன், மற்றது பிறகு. இரவு வானத்தில் ஆடுகிற வடக்கு வெளிச்சத்தைப் பற்றிப் படிக்க இரண்டு பள்ளிகளும் பிள்ளைகளை மாற்றி மாற்றி அனுப்பப் போகின்றன, எல்லாம் சுன்னிவாவின் ஏற்பாடு என்று நம் தலைமையாசிரியர் ஒட்வார் கடையில் வைத்துச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னெண்டு பிள்ளைங்களும் ஒரு டீச்சரும் வர்றாங்க என்றார், டீச்சர் என்றால் நீதான் என்று நானே எடுத்துக்கொண்டேன். உன் அறைத் திரைச்சீலையைத் துவைத்தேன், நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் பஸ் வரும் நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய் நின்றேன். பன்னிரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள், தாடி வைத்த நெட்டை மனிதர் ஒருவர் இறங்கினார், அவ்வளவுதான். டிரைவர் கதவை மூடப்போனவன் என்னைப் பார்த்து, யாரைத் தேடுறீங்க என்று கேட்டான், யாரையும் இல்ல, சும்மா பஸ்ஸைப் பாக்க வந்தேன் என்று சொன்னேன். உனக்குப் பள்ளியில் வேலை நெருக்கடி என்று தாடிக்காரர் சொன்னார், அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். சொந்த ஊருக்குப் பன்னிரண்டு பேரை அனுப்பத் தெரிந்தவளுக்குத் தான் வரத் தெரியவில்லையா என்று அன்று முழுக்க மனசுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் தபால் பெட்டியில் ஒரு காகிதம் கிடந்தது. பள்ளி முற்றத்திலும் வளைகுடாவுக்கு அக்கரையிலும் நின்று பிள்ளைகள் ஒரே நொடியில் படம் எடுப்பார்களாம், இரண்டையும் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு வெளிச்சம் எத்தனை உயரத்தில் ஆடுகிறது என்று கண்டுபிடிப்பார்களாம், அதனால் ஒரு வாரத்துக்கு மாலை ஐந்திலிருந்து எட்டு வரை எல்லா வீட்டிலும் வாசல் விளக்கையும் ஜன்னல் விளக்கையும் அணைக்க வேண்டும் என்று எழுதி, கீழே உன் பெயர். நம் வீட்டு மாடியில் எந்த விளக்கு எரிகிறது என்று உனக்குத் தெரியாதா? உன் தம்பியின் படகு மட்டும் கிடைத்து அவன் கிடைக்காமல் போன அன்று, படகுக் கொட்டகையில் அவன் வேலை செய்கிற பெரிய விளக்கை எடுத்து வந்து, அவன் அறை ஜன்னலில் கடலைப் பார்த்துக் கட்டினேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்த நீ, அம்மா, எஸ்கில் இனிமே வரமாட்டான், அதை அணைச்சிடு என்றாய். நான் உனக்குச் சொன்ன பதில் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. அவனாவது வீட்டுக்கு வரணும்னு கிளம்பினவன்டி, நீ வீட்டை விட்டுப் போகணும்னே கிளம்பினவ என்றேன். விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள், நாலு வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. அதனால் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும், வாயால் முடியாததை ஊரை வைத்துச் சாதிக்கப் பார்க்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கிழித்து அடுப்பில் போட்டேன். ஐந்து மணிக்கு ஊரே இருட்டாகிவிட்டது, நம் வீட்டு மாடி மட்டும் எரிந்தது. முதல் நாளும் அப்படி, இரண்டாம் நாளும் அப்படி. ஒருத்தரும் வந்து கேட்கவில்லை, ஒட்வார் கடையில் என்னைப் பார்த்ததும் மீன் வரத்தைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு நழுவினார், எனக்குப் பயந்துவிட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரு திமிர் கூட இருந்தது.

உன் அறையில் தங்கியவள் செலீன். ஒற்றைப் பின்னல் போட்ட ஒல்லிப் பெண், காபியில் நாலு கரண்டி சர்க்கரை போடுகிறாள், நம் பழுப்புச் சீஸை மிட்டாய் என்று நினைத்து முதலில் முகத்தைச் சுளித்துவிட்டுப் பிறகு பாதிக் கட்டியை அவளே தீர்த்தாள். இரண்டாம் நாள் மாலை விறைத்த காலோடு வந்து அடுப்பருகே உட்கார்ந்தவளிடம் படம் எப்படி வந்தது என்று கேட்டேன். எல்லாம் வெள்ளையாப் போயிடுச்சு என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. எங்க விளக்காலதானே, உங்க டீச்சர்தான் அணைக்கச் சொல்லி ஊருக்கே எழுதியிருக்காளே, நேரா வந்து கேக்க வேண்டியதுதானே என்று என் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் வெடுக்கென்று சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். இல்லையே பொர்ஹில்ட், கிளம்புறதுக்கு முன்னாடி டீச்சர் எங்களை எல்லாம் உக்கார வச்சுச் சொன்னாங்களே, பள்ளிக்கூடத்துக்குக் கீழ கடைசி வீட்டு மாடில ஒரு விளக்கு எரியும், அது என் தம்பியோட விளக்கு, அதை அணைக்கச் சொல்லி யாரும் அந்த வீட்ல கேக்கக் கூடாது, படம் கெட்டா கெட்டுட்டுப் போகட்டும்னாங்களே என்றாள். மறுநாள் காலையில் ஒட்வாரைப் பிடித்து உலுக்கினேன். உங்க வீட்டுப் பெட்டில மட்டும் போட வேண்டாம்னு சுன்னிவா தனியா எழுதியிருந்தா, நான்தான் மறந்துபோய் எல்லாத்தோடயும் சேர்த்துப் போட்டுட்டேன், உங்க மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருக்கு என்றார். நான் வீட்டுக்கு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன் மகளே. நீ அனுப்பிய பன்னிரண்டு பேரும் அந்த விளக்கைத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறார்கள், அவர்களை என் பிடிவாதத்தால் குளிரில் வெறுமனே நிற்க வைத்திருக்கிறேன்.

அன்று ஐந்து மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் மாடிக்குப் போனேன். கை வரவில்லை. மூணு மணி நேரம்தான்டா எஸ்கில் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அணைத்தேன். விளக்கு எரிகிற ஜன்னல் கண்ணாடியில் நாலு வருஷமாக நான் பார்த்ததெல்லாம் என் மூஞ்சியைத்தான், அது அணைந்த பிறகுதான் வெளியே கடல் இருக்கிறது என்று தெரிந்தது. கறுப்பாக, சும்மா, அது பாட்டுக்கு இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதற்கு மேலே வடக்கு வெளிச்சம் பச்சையாக எழும்பி ஆட ஆரம்பித்தது. நீயும் எஸ்கிலும் சின்ன வயசில் அதைப் பார்த்து வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுவீர்கள், ஆட்டினால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்று நான் காதைத் திருகி உள்ளே இழுத்து வருவேன். எத்தனை பயந்தேன் அதற்கு, கடைசியில் தூக்கிக்கொண்டு போனது அது இல்லையே. அவன் தலையணை உறையை உருவி ஜன்னலில் நின்று ஆட்டினேன், இதை ஒட்வாரிடம் சொல்லிவிடாதே. அப்பா எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாலு வருஷமா அந்த விளக்கு வெளிச்சம் கதவிடுக்கு வழியா என் கண்ணுலதான் விழும் பொர்ஹில்ட், உனக்கு ஆறுதலா இருக்கேன்னு சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்குவேன் என்றார். பிறகு அவர் அழுதார், சவப்பெட்டி இல்லாமல் நடந்த அந்தச் சடங்கில்கூட அழாத மனுஷன். கீழே முற்றத்தில் பிள்ளைகள் கத்திக் கும்மாளம் போட்டார்கள். நூற்றெட்டு கிலோமீட்டர் உயரமாம், செலீன் ஓடி வந்து சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தப் படத்தைச் சமையலறையில் ஒட்டியிருக்கிறேன்.

மூன்று மணி நேரம் என்றுதான் சொன்னேன், ஆனால் எட்டு மணிக்கு ஏற்றவில்லை, அதற்குப் பிறகும் ஏற்றவில்லை. எஸ்கில் வரமாட்டான், நீ சொன்னது சரி. நான் சொன்னதுதான் தப்பு, பெற்றவள் சொல்லக்கூடாத சொல், அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மார்ச்சில் பிள்ளைகளோடு வருகிற ஒட்வாரிடம் உனக்குக் கருவாடும் பழுப்புச் சீஸும் கம்பளிக் கையுறை இரண்டு ஜோடியும் கொடுத்தனுப்புகிறேன், ஒரு ஜோடி செலீனுக்கு. காலையில் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடாதே, உள்ளே கம்பளிதான் போட வேண்டும், பருத்தி போடாதே. ஏரிப் பனிக்கட்டி மேல் போட்ட சாலையில் மட்டும் கார் ஓட்டாதே, ஆயிரம் பேர் ஓட்டட்டும், நீ சுற்றிப் போ, என்னால் இன்னொரு தடவை முடியாது.

கடவுள் உன்னை நல்ல உடம்போடும் நல்ல மனிதர்கள் நடுவிலும் வைத்திருக்கட்டும். அப்பாவின் ஆசியும் இதோடு. ஒன்றை மறக்காதே, வருகிற நாளைச் சரியாக எழுது. விளக்கை அவிழ்க்கவில்லை, ஜன்னலில்தான் இருக்கிறது, வருகிறவர்களுக்குத்தானே விளக்கு. நீ வருகிற அன்றைக்கு ஏற்றுகிறேன்.

இப்படிக்கு,
நீலக் கோட்டோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்
உன் அம்மா
பொர்ஹில்ட்