உதவிக்கு ஓடிவரும் அணுக்கள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலமாயிருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இந்தக் கடிதமே. அக்கா வீட்டு வாலுக் குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது. அக்காவுக்கும் அவள் மேலதிகாரிக்கும் வழக்கம்போல ஏழாம் பொருத்தம். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, நானே சரிசெய்வேன் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார்.

போனில் சொன்னால் பேச்சை மாற்றுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு எச்.ஐ.வி. என்று போன மாதம் நீ சொன்னபோது அழுதேன். இப்போது கோபம்தான் வருகிறது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். ரத்தப் பரிசோதனைக் கூடத்திலேயே தலை நரைத்தவளிடம் காது குத்துகிறாயா? கிருமி தங்கிப் பெருகும் வெள்ளை அணுக்கள்தான் சாகும் என்று நினைக்கிறாய். அவை கொஞ்சம்தான். செத்துப்போகும் மற்ற பெரும்பாலானவற்றில் கிருமி உள்ளே நுழையுமே தவிர, வேலையை முடிக்க முடியாமல் பாதியில் நின்றுவிடும். அந்த அரைகுறை மிச்சத்தைக் கண்டதும் அணு தானே வெடித்துச் செத்துப்போகிறது. அந்த இடம் வீங்கும், வீக்கத்தைக் கண்டு மற்ற அணுக்கள் உதவிக்கு ஓடிவரும், வந்தவற்றுக்கும் அதே கதிதான். உனக்குத் தலைவலிகூட இல்லாத இந்த நாட்களிலும் உள்ளே இது நடந்துகொண்டுதான் இருக்கிறது கண்ணா. மாத்திரையை விடாமல் போட்டால் கிருமி அடங்கும், இந்தச் சாவும் குறையும், எல்லோரையும் போல நீயும் நெடுநாள் வாழலாம்.

அப்பா உன்னோடு பேசாததைக் கோபம் என்று நினைக்காதே, பேசினால் அழுதுவிடுவோமோ என்று பயப்படுகிறார். நேற்றுப் பட்டறையிலிருந்து நேரே என் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு, “என் ரத்தம் நல்லாத்தானே இருக்கு, அந்த அணுவை எடுத்து அவனுக்குக் குடுத்துடு” என்றார். கொடுத்தாலும் அவையும் அங்கே போய்ச் செத்துத்தான் போகும், மாத்திரைதான் காப்பாற்றும் என்று விளக்கிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “போனாப் போகட்டும், எடு” என்று நீட்டிய கையை மடக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நூறு வயது நன்றாயிரு ராசா. வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. டாக்டரைப் பார்த்து இந்த வாரமே மாத்திரையைத் தொடங்கு. முதல் மாத்திரையைப் போட்டதும் எனக்கு வேண்டாம், அப்பாவுக்குப் போன் பண்ணு. அவர் ஒன்றும் பேசாவிட்டாலும் உடனே வைத்துவிடாதே.

என்றும் உன்
அம்மா